மீசையும் எண்ணெய்த் தலையுமா இருக்கிறவன் இந்தக் காலத்துக்கு ஒத்துவரமாட்டானா?

விளவங்கோட்டான் கேட்டது:

அண்ணன்மாரே, அக்காமாரே, விவரம் தெரிந்தவர்கள் சொல்லித் தாருங்கள்.

வயது 26. உயரம் 172 செ.மீ., எடை 54 கிலோ. நல்ல கறுப்பு நிறம். மீசை அடர்த்தி, ஆனால் கன்னத்தில் தாடி திட்டுத் திட்டாகத்தான் முளைக்கும். அதனால் கன்னத்தை மழித்துவிட்டு மீசை மட்டும் வைத்திருக்கிறேன். தேங்காய் எண்ணெய் தேய்த்து வகிடெடுத்துச் சீவுவேன். எனக்கு அதுதான் பிடிக்கும். வேலை திருவனந்தபுரத்தில். களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளப் பக்கம் போனாலும் சரி, இந்தப் பக்கம் மார்த்தாண்டம், நாகர்கோவில் போனாலும் சரி, துணிக்கடை போர்டிலும் கல்யாண ஆல்பத்திலும் போனிலும் ஒரே மாதிரி ஆம்பிளை: கட்டைத் தாடி, அகன்ற தோள், காதோரம் தோல் தெரிய வெட்டின முடி, வெளுத்த முகம். அதில் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். போட்டோவைப் பார்த்து புரோக்கர் முகம் சுளிக்கிறார். தாடிக்கு மினாக்ஸிடில் தேய்க்கலாமா? கல்ஃபில் இருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த வெளுப்புக் கிரீம் ஒன்று வீட்டில் இருக்கிறது, அதைப் போடலாமா? ஜிம்மில் ஊசி போட்டால் மூன்று மாதத்தில் உடம்பு ஏறும் என்கிறார்கள், உண்மையா? இதில் எதைச் செய்யலாம், எதை விடலாம், காரணத்தோடு சொல்லுங்கள்.


குழித்துறை மருந்துக்கடை:

தம்பி, முதலில் அந்தக் கிரீம். மற்றதெல்லாம் பிறகு.

டப்பாவைக் கையில் எடுத்துப் பார். வெளிநாட்டில் செய்த அழகுப்பொருள் இந்தியாவில் முறையாக விற்பனைக்கு வந்தால், இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, பதிவுச் சான்று எண், எதெல்லாம் சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல், தயாரித்த தேதி, பேட்ச் எண் எல்லாம் அச்சாகியிருக்கும். சொந்தக்காரர் பெட்டியில் வந்த சாமானில் இது எதுவும் இருக்காது. அடுத்தது பட்டியல். கலோமெல், மெர்க்குரஸ் குளோரைடு, மெர்க்குரிக் அயோடைடு, அமோனியேட்டட் மெர்க்குரி என்று எதைப் பார்த்தாலும் அது பாதரசம். பட்டியலே இல்லை, ஆனால் "தங்கம், வெள்ளி, அலுமினியம் படக்கூடாது" என்று மட்டும் எழுதியிருக்கிறது என்றால் அதுவும் பாதரசத்துக்கான அடையாளம், ஏனென்றால் பாதரசம் அந்த உலோகங்களோடு ஒட்டிக்கொள்ளும். சாம்பல் சாயலாகவோ வெளிறிய மஞ்சளாகவோ இருக்கும் கிரீம் வெளிச்சத்தில் வைத்தால் கறுத்துப்போவதும் ஒரு குறி. நம் நாட்டு விதிப்படி முகக் கிரீமில் பாதரசத்தைச் சேர்க்கவே கூடாது. தெரியாமல் கலந்துபோனதுகூட பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது.

இது எங்கேயோ நடக்கிற கதை என்று நினைக்காதே. மலப்புறத்தில் கோட்டக்கல் டாக்டர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை வந்த சிறுநீரக நோயாளிகளைப் பார்த்தார்கள். மெம்ப்ரேனஸ் நெஃப்ரோபதி என்ற நோய் 22 பேருக்கு இருந்தது. அதில் 15 பேருக்கு அபூர்வமான ஒரு வகை, அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் கிரீம் போட்டவர்கள். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023ல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று பேர் வைத்துக் கடை கடையாகச் சோதனை போட்டதும் இந்த வகைச் சாமானைத் தேடித்தான். அங்கே கெடுபிடி கூடினால் சரக்கு நம் பக்கம் வர எவ்வளவு நேரம் ஆகும்? களியக்காவிளைச் சந்தைக்கும் பாறசாலைக்கும் நடுவில் ஒரு செக்போஸ்ட்தான் இருக்கிறது.

ஏன் வெளுக்கிறது என்று கேட்டால், தோலில் நிறமி உண்டாக வேலை செய்கிற டைரோசினேஸ் என்ற நொதியைப் பாதரசம் முடக்குகிறது. ஓரிரு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும், அதனால்தான் ஆட்கள் விடமாட்டேன் என்கிறார்கள். அதே பாதரசம் தோல் வழியே ரத்தத்தில் இறங்கி சிறுநீரக வடிகட்டியில் போய்த் தங்குகிறது. புரதம் சிறுநீரில் ஒழுக ஆரம்பிக்கும். சிறுநீர் நுரைத்துப் போகும், காலையில் இமை வீங்கும், கணுக்காலை அழுத்தினால் குழி விழும்.

இன்னொரு வகை, நம் ஊர் மருந்துக்கடையிலேயே டியூபில் கிடைப்பது. ஹைட்ரோகுயினோன் 2%, ட்ரெட்டினோயின் 0.025%, மொமெட்டசோன் 0.1% மூன்றும் சேர்ந்த கிரீம். மங்கு படர்ந்தவர்களுக்கு டாக்டர் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் எழுதித் தருகிற மருந்து அது. அதில் இருக்கிற மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று எழுதியிருந்தாலும் ஸ்டீராய்டுதான். மாதக்கணக்கில் முகத்தில் போட்டால் தோல் மெலிந்து சிவந்த நரம்பு தெரியும், பரு கொத்தாக வரும், வெயிலில் நின்றால் எரியும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகச் சிவக்கும், அதற்குப் பயந்து திரும்பப் போடுவார்கள். 2018ல் இருந்து இவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. எந்தக் கடையில் சீட்டு கேட்காமல் எடுத்துத் தருகிறார்களோ அந்தக் கடையில் வாங்காதே.

உன் நிறத்துக்குத் தோலில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, பரு வந்த இடம் கரும்புள்ளியாகத் தங்காமல் பார்ப்பது. கறுத்த தோலில் சின்னக் காயமும் கறுப்பாகத் தங்கும், அதனால் பருவைக் கிள்ளாதே. காலையில் எஸ்.பி.எஃப். 30 உள்ள சன்ஸ்கிரீனை ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். பலரும் அதில் கால்வாசிதான் போடுகிறார்கள், அப்புறம் வேலை செய்யவில்லை என்பார்கள். துத்தநாகம் கலந்தது சாம்பல் பூத்தாற்போல் படியும். ஜெல் வகையோ நிறம் கலந்ததோ வாங்கினால் அந்தத் தொந்தரவு இல்லை. வெயிலில் நின்று வேலை என்றால் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை திரும்பப் போடணும். ஏற்கெனவே இருக்கிற வடுவுக்கு நியாசினமைடு 5% போதும், இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்கு மேல் வேண்டும் என்றால் தோல் டாக்டர். நிறத்தை மாற்றுகிற கிரீம் எதுவும் என் கடையில் உனக்கு நான் தரமாட்டேன்.


விளவங்கோட்டான்:

நன்றி அண்ணே. டப்பாவைப் பார்த்துவிட்டேன். பட்டியல் இல்லை. நகை படக்கூடாது என்று அரபியிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. நான் கையில்தான் தடவிப் பார்த்தேன், ஆனால் தங்கச்சி கொஞ்ச நாளாக முகத்தில் போட்டுக்கொண்டிருக்கிறாள். என்ன செய்ய?


குழித்துறை மருந்துக்கடை:

இன்றைக்கே நிறுத்தச் சொல். பதற வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். ஆரம்பத்திலேயே விட்டால் பெரும்பாலும் சிறுநீரகம் தானே தேறிவிடும்.

காலையில் முதல் சிறுநீரில் புரதச் சோதனை, ரத்தத்தில் கிரியாட்டினின், ஆல்புமின், இந்த மூன்றும் எந்த லேபிலும் எடுப்பார்கள். கூடவே ரத்த அழுத்தம். புரதம் காட்டினால் நேராகச் சிறுநீரக டாக்டர், டப்பாவையும் கையோடு கொண்டுபோகணும். பாதரச அளவை சிறுநீரில் பார்க்கிற சோதனைக்கு மாதிரியைப் பெரிய லேபுக்கு அனுப்புவார்கள், அதை டாக்டர் எழுதுவார். தங்கச்சிக்குக் கல்யாணமாகிக் கர்ப்பம் என்றாலோ பால் கொடுக்கிறாள் என்றாலோ அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லணும்.

அவள் முகம் துடைத்த துண்டு, தலையணை உறை இரண்டையும் தனியாகத் துவைக்கணும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அவர்களுக்கும் ஒரு சிறுநீர்ச் சோதனை, ஏனென்றால் கையிலும் துணியிலும் ஒட்டி அவர்களுக்கும் போகும். டப்பாவைக் குப்பையில் போட்டு எரிக்காதே, புகையில் பாதரசம் கிளம்பும். இறுக்கமான பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டி, மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் புகாரோடு ஒப்படைக்கலாம். கொண்டுவந்த சொந்தக்காரரிடம் சண்டை போட வேண்டாம். அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அவர் வேறு யார் யாருக்குக் கொடுத்தார் என்று கேட்டு, அந்த வீடுகளுக்கும் சொல்.

மினாக்ஸிடில் கேட்டாயே. அது முதலில் ரத்த அழுத்தத்துக்கு வந்த மாத்திரை, பிறகு தலையில் முடி வளரத் தேய்க்கிற மருந்தானது. தாடிக்கு என்று அனுமதி கிடையாது. 2016ல் தாய்லாந்தில் 48 ஆண்களிடம் 3% கரைசலை 16 வாரம் கொடுத்துப் பார்த்ததில் ஓரளவு பலன் தெரிந்தது, அவ்வளவுதான் ஆதாரம். கடையில் கிடைப்பது 5%. அதில் சேர்ந்திருக்கிற புரோப்பிலீன் கிளைக்கால் கன்னத்தைக் காயவைத்துச் செதில் உரிக்கும். நுரை வகையில் அது இல்லை, விலை கூடுதல். படபடப்பு, தலைச்சுற்றல், கால் வீக்கம் வந்தால் நிறுத்து. இதய நோய், குறைந்த அழுத்தம் இருந்தால் தொடவே வேண்டாம். முதல் சில வாரம் இருக்கிற முடியும் உதிரும், அப்போதுதான் பாதிப் பேர் பயந்து நிறுத்திவிடுவார்கள். வீட்டில் பூனை இருந்தால் கண்டிப்பாக வேண்டாம், முகத்தை நக்கினாலே பூனை செத்துப்போகும் அளவுக்கு அது விஷம். தலைமுடி கொட்டுவதற்குத் தருகிற ஃபினாஸ்டரைடைத் தாடிக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதே. டி.எச்.டி. என்ற ஹார்மோன்தான் தலையில் முடியைச் சுருக்குகிறது, அதே ஹார்மோன்தான் கன்னத்தில் தாடியை வளர்க்கிறது. ஃபினாஸ்டரைடு அதைக் குறைக்கிற மாத்திரை. இன்னொன்று, கன்னத்துத் தாடி 30 வயது வரைக்கும் அடர்த்தியாகிக்கொண்டே வரும். உனக்கு இன்னும் காலம் இருக்கிறது.


கத்திரி சீப்பு:

மருந்துக்கடை அண்ணன் சொன்னது சரி, ஆனால் இவருக்குத் தாடியே எதற்கு? அடர்த்தியான மீசை இருக்கிறவருக்கு அதுதான் முகத்தின் பலம். பாகவதர் கிராப்பு ஒரு காலத்தில் எல்லாருக்கும் வேண்டியிருந்தது, பிறகு ஸ்டெப் கட்டிங், பிறகு பங்க், இப்போது காதோரம் தோல் தெரிய வெட்டுகிற ஃபேடு. கடையில் நாற்காலியும் கண்ணாடியும் அப்படியேதான் இருக்கும், சுவரில் ஒட்டுகிற படம்தான் மாறும்.

மீசையை அளவாக வைப்பது எப்படி என்று சொல்கிறேன். முதலில் காய்ந்த மீசையைக் கீழ்நோக்கிச் சீவணும். ஈரமாக வெட்டினால் காய்ந்ததும் மேலே ஏறி, குறைந்துபோனதாகத் தெரியும். மேல் உதட்டின் கோட்டில் மட்டும் கத்திரியால் நேர் செய்யணும். மெல்லிய முகத்துக்கு மீசையின் முனை வாயின் ஓரத்தைத் தாண்டி ஒரு சின்ன விரல்கடை போதும். அதற்குமேல் கீழே இறக்கினால் கன்னம் இன்னும் ஒட்டினாற்போல் தெரியும்.

கன்னத்தை மழிக்கிறவர்களுக்குப் பெரும் தொந்தரவு கழுத்தில் வருகிற முடிப்பரு. சுருண்ட முடியை எதிர்த்திசையில் இழுத்து மழித்தால் முனை தோலுக்குள்ளேயே திரும்பிப் போய்ப் புண்ணாகும். குளித்து முடித்தவுடன், முடி ஊறியிருக்கும்போது, வளரும் திசையிலேயே மழியுங்கள். தோலை இழுத்துப் பிடிக்க வேண்டாம். ஒரே இடத்தில் இரண்டு தடவைக்கு மேல் ஓட்ட வேண்டாம். ஐந்தாறு முறை ஆனதும் பிளேடை மாற்றணும். ஏற்கெனவே பரு நிறைய இருந்தால் நான்கு வாரம் பிளேடே தொடாமல் மெஷினில் ஒரு மில்லிமீட்டர் விட்டு ஓட்டினால் ஆறிவிடும். கடையில் மழித்தால் உங்கள் கண் முன்னால் புதுப் பிளேடை உடைத்துப் போடச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படவே கூடாது.

தாடி வைத்தே தீரணும் என்றால் திட்டு தெரியாமல் இருக்க மெஷினில் ஒன்றாம் நம்பர், அதாவது 3 மில்லிமீட்டர். நீளம் கூடக் கூட அடர்ந்த இடமும் வெற்று இடமும் தனித்தனியாகத் தெரியும். கழுத்தில் குரல்வளை மேட்டுக்கு இரண்டு விரல் மேலே கோடு வையுங்கள். தாடை எலும்பை ஒட்டியே கோடு போட்டால் இரட்டைத் தாடை மாதிரி காட்டும், இந்தத் தப்பு நிறையக் கடைகளில் நடக்கிறது.

தலைக்கு வகிடு கொள்ளாம், மாற்ற வேண்டாம். பக்கத்தில் மூன்றாம் நம்பரில் தொடங்கிக் கத்திரியால் மேலே கலக்கச் சொல்லுங்கள், தோல் தெரியாது, காதோரம் சுத்தமாக இருக்கும். கிருதாவைக் காதின் நடுவரைக்கும் வையுங்கள், ஒட்டிய கன்னத்துக்கு அது கொஞ்சம் அகலம் தரும். எண்ணெய்தான் யோசிக்கணும். நெற்றியில் வழிகிற எண்ணெய் துளையை அடைத்து மயிரோரம் பொடிப்பரு கொண்டுவரும். பொடுகு இருக்கிறவர்களுக்கு எண்ணெய் விட விட அது கூடும், பொடுகுக்குக் காரணமான ஈஸ்ட் எண்ணெயைத் தின்றுதான் வளர்கிறது. குளிப்பதற்கு அரைமணி நேரம் முன்னால் தேய்த்து, அலசிவிட்டு, ஈரத் தலையில் உள்ளங்கையில் நாலைந்து சொட்டு மட்டும் தடவி முடியின் நுனிக்குப் பூசிச் சீவினால் அதே பளபளப்பு வரும், நெற்றியில் வழியாது.


பாறசாலை பயிற்சியாளர்:

ஊசி பற்றி. டெகா, டெஸ்டோஸ்டிரோன் என்று எந்தப் பெயரில் ஊசியாக வந்தாலும், டயனாபோல் என்று மாத்திரையாக வந்தாலும் வெளியிலிருந்து ஹார்மோன் போனால் உடம்பு தன் உற்பத்தியை நிறுத்திவிடும். விந்தணு எண்ணிக்கை விழும், சிலருக்குப் பூஜ்யத்துக்கே போகும். திரும்ப வர ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். பெண் பார்க்கிற நேரத்தில் இதைச் செய்யவே கூடாது. மார்பில் கட்டி வந்து நிலைத்துவிட்டால் பெரும்பாலும் ஆபரேஷன்தான் வழி. ஊசி போட்டு ஏறினது நிறுத்தினால் பெரும்பாலும் இறங்கிவிடும், அப்போது மனசும் சேர்ந்து இறங்கும்.

போர்டில் பார்க்கிற உடம்பு ஒரு நாள் உடம்பு. படம் எடுப்பதற்கு முன் உப்பையும் தண்ணீரையும் குறைத்து, எடுக்கிற நேரத்தில் தண்டால் போட்டு ரத்தம் ஏற்றி, மேலிருந்து விளக்கு வைத்து, கடைசியில் கணினியிலும் திருத்துகிறார்கள். அந்த ஆளே மறுவாரம் அப்படி இருக்கமாட்டார்.

உங்கள் கணக்குக்கு வருவோம். 172 செ.மீ. உயரத்துக்கு 54 கிலோ என்றால், உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கிற பி.எம்.ஐ. கணக்கில் 18.3. சரியான எடையின் கீழ்வரம்பான 18.5க்குக் கொஞ்சம் கீழே. 60, 62 கிலோ நியாயமான இலக்கு. எலும்பின் அகலம் மாறாது, அதற்கு மேல் உள்ள சதை மாறும். தொடங்குவதற்கு முன், எடை தானாகக் குறைந்துகொண்டு வந்தாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலோ, முதலில் சர்க்கரை, தைராய்டு, சளிச் சோதனை பாருங்கள்.

புரதம் கிலோவுக்கு 1.6 கிராம், உங்களுக்கு நாளுக்கு 86 கிராம். நம் ஊர்ச் சாப்பாட்டிலேயே எட்டும். முட்டை மூன்றில் 18. கஞ்சியோடு சிறுபயறு 50 கிராம் போட்டால் 12. மதியம் சாளை மீன் சுத்தம் செய்து 150 கிராம், அதில் 30. சாயங்காலம் நிலக்கடலை 50 கிராம், 12. ராத்திரி பால் 300 மில்லி, 10. நாள் முழுக்கச் சோற்று அரிசி 250 கிராம் என்றால் அதிலும் 17. மொத்தம் 99 வருகிறது. மரச்சீனிக் கிழங்கை விடச் சொல்லவில்லை, எடை ஏற அது நல்லது, ஆனால் அதில் புரதம் இல்லை என்றே சொல்லலாம். சாளை இல்லாமல் மரச்சீனியும் காந்தாரிச் சம்மந்தியும் மட்டும் சாப்பிட்டால் வயிறு நிறையும், தோள் நிறையாது. ஏத்தன் பழம் இரண்டும் பாலும் கூடுதலாகச் சேர்த்தால் தினம் 300, 400 கலோரி மிச்சம் விழும், அதுதான் எடையை ஏற்றும். மாஸ் கெய்னர் என்று எடை ஏற விற்கிற பொடி டப்பா வாங்காதீர்கள், முக்கால்வாசி மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்து. வேண்டும் என்றால் கிரியேட்டின் என்ற பொடி மட்டும், நாளுக்கு 3 முதல் 5 கிராம், தண்ணீரில் கலந்து. சிறுநீரகக் குறை இருக்கிறவர்கள் தொடக்கூடாது. கிரீம் விஷயம் இருப்பதால் நீங்களும் சோதனை எடுத்த பிறகு யோசியுங்கள். கிரியேட்டின் சாப்பிடும்போது கிரியாட்டினின் அளவு கொஞ்சம் கூடிக் காட்டும், லேபில் எடுக்கும்போது டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பயிற்சி வாரம் மூன்று நாள் போதும். உட்கார்ந்து எழுந்திருக்கிற ஸ்குவாட், தண்டால் அல்லது பெஞ்ச், குனிந்து இழுக்கிற ரோ, தலைக்கு மேல் தூக்குகிற பிரஸ், இந்த நான்கும் ஒவ்வொன்றும் 3 செட், செட்டுக்கு 8 முதல் 12 முறை. கடைசி ஒன்றிரண்டு முறை தள்ளமுடியாத அளவுக்குச் சிரமம் வரணும். 12 லேசாகிவிட்டால் அடுத்த முறை இரண்டரை கிலோ கூட்டணும். தோள் அகலமாகத் தெரிவது பக்கத்துத் தோள் சதையால், அதற்குச் சின்ன டம்பெல்லைப் பக்கவாட்டில் தோள் மட்டம் வரை தூக்குவது தனியாக 3 செட். ஐந்து கிலோவைத் தூக்கி ஆட்டுவதைவிட மூன்று கிலோவை நிதானமாக இறக்குவது நல்லது. பெரும்பாலும் கெட்டுப்போவது எங்கே என்றால், கை மட்டும் செய்வது, முதுகையும் காலையும் விடுவது, நாள் தவறாமல் போய் ஓய்வே எடுக்காதது, ஏழு மணி நேரம் தூங்காதது. ஆரம்பத்தில் மாதம் அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை ஏறினால் சரியான வேகம். அதற்கு மேல் ஏறினால் வயிற்றில்தான் ஏறுகிறது.


பகல் டியூட்டி:

மனநலப் பிரிவில் வேலை செய்கிற நர்ஸ். இதைச் சொல்லாமல் விட்டால் குறை.

தம்பி, ஒரு நாளில் கண்ணாடி முன்னாலும் முகத்தைப் பற்றிய யோசனையிலும் மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறதா, அதற்காகக் கல்யாணத்துக்கோ வேலைக்கோ போகாமல் இருக்கிறீர்களா, நூறு பேர் நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் உள்ளே ஏறவில்லையா, இந்த மூன்றையும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால் அது உருவத்தைப் பற்றிய ஒரு கோளாறாக இருக்கலாம், அதற்கு மருந்தும் பேச்சு சிகிச்சையும் இருக்கிறது, நன்றாகக் குறையும். ஜிம்முக்குப் போகிற ஆண்களுக்கு "நான் இன்னும் ஒல்லி" என்ற வடிவில் இது வரும், உடம்பு பெரிதாகிக்கொண்டே போனாலும் எண்ணம் மாறாது. அந்த நிலையில் செய்கிற முக அறுவை, முடி நடவு எதுவும் திருப்தி தராது, அடுத்த குறை முளைக்கும். 14416 டெலி மானஸ், இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இவ்வளவு தூரம் போகவில்லை என்றுதான் படுகிறது. புரோக்கர் முகம் சுளித்ததை வைத்து உங்களை அளக்க வேண்டாம். அவருக்குச் சீக்கிரம் முடிகிற சம்பந்தம்தான் வேண்டும்.


மார்த்தாண்டம் தையல்:

துணியும் போட்டோவும் யாரும் தொடவில்லை. ஒல்லியான ஆளுக்குப் பாதி வேலை இதில் முடியும்.

ரெடிமேட் எடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது தோள் தையல். தோளின் ஓரத்தில் கையால் தடவினால் ஒரு எலும்பு முனை தட்டுப்படும், தையல் அதன் மேலேயே நிற்கணும். அரை அங்குலம் கீழே இறங்கினாலும் அண்ணன் சட்டையை இரவல் வாங்கின மாதிரி தெரியும். இடுப்பைப் பிடித்துத் தைக்கலாம், கையைக் குறைக்கலாம், தோளைத் திருத்த முடியாது. உங்கள் அளவுக்கு மார்பு 34 இருக்கலாம், அதற்கு 4 அங்குலம் தளர்வு விட்டு 38. ஆறு ஏழு விட்டால் காற்றில் பொங்கும், இரண்டு மட்டும் விட்டால் விலா எலும்பு தெரியும். கழுத்துப் பட்டன் போட்டபின் இரண்டு விரல் நுழையணும், அதற்கு மேல் இடம் இருந்தால் மெல்லிய கழுத்து இன்னும் மெலிந்து காட்டும்.

தைக்கக் கொடுத்தால் முழுக்கைக்கு 36 அங்குல அகலத் துணியில் 2.25 மீட்டர், 58 அங்குலத்தில் 1.60 மீட்டர். பருத்தி என்றால் வெட்டுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் காயவைத்துக் கொடுங்கள். இல்லை என்றால் முதல் சலவையில் கை ஏறிவிடும். வழவழப்பான சாட்டின் வேண்டாம், உடம்போடு ஒட்டும். ஆக்ஸ்ஃபோர்டு, கொஞ்சம் கனமான லினன், கைத்தறி இவை நின்று விழும். முதுகில் டார்ட் என்ற பிடிப்புத் தையல் இரண்டு போடச் சொன்னால் பின்பக்கம் பை மாதிரி தொங்காது. மார்பில் இரண்டு பை வைத்தால் அகலம் கூடித் தெரியும்.

நிறம்: நல்ல கறுப்புக்கு மெரூன், பாட்டில் பச்சை, கடுகு மஞ்சள், மயில் கழுத்து நீலம் எல்லாம் எடுக்கும். சாம்பலும் மங்கிய பழுப்பும் முகத்தைச் சோர்வாக்கும். வேட்டி என்றால் நாலு முழம் வேண்டாம், எட்டு முழம் இரட்டையாக உடுத்துங்கள், இடுப்பில் கனம் நிற்கும், காலோடு ஒட்டாது. கசவுக் கரை அரை அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை போதும், இரண்டு அங்குலக் கரை ஒல்லி ஆளை விழுங்கிவிடும்.

போட்டோ எடுக்கும்போது தூய வெள்ளைச் சட்டை போட்டால் கேமரா வெள்ளைக்கு ஏற்ப வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் இருண்டுபோகும். புரோக்கர் முகம் சுளித்ததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும். சந்தன நிறமோ மெரூனோ போடுங்கள், போன் திரையில் முகத்தின் மேல் விரலை வைத்து வெளிச்சத்தை அங்கே நிறுத்துங்கள். கையை நீட்டி எடுக்கிற செல்ஃபியில் மூக்கு பெரிதாகும், காது மறையும். வேறொருவரை இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்தி, 2 மடங்கு ஜூமில், கண் உயரத்தில் எடுக்கச் சொல்லுங்கள். காலை எட்டு மணிக்குள் வராந்தாவில், வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழும்படி. நண்பகல் வெயிலில் எடுத்தால் கண்குழியும் கன்னக்குழியும் நிழலாகும். நெற்றி எண்ணெய்ப் பளபளப்பை உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். போனில் அழகாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது நிறத்தை வெளுப்பாக்கி மீசையின் மயிரைக் குழைத்துவிடும், நேரில் பார்க்க வருகிற பெண் வீட்டார் வேறு ஆளைத் தேடுவார்கள். ஒன்று முழு உருவம் வேட்டியில், ஒன்று இடுப்புவரை சட்டையில், இரண்டு படம் போதும். வாட்ஸாப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் சுருங்கிப்போய் அங்கே மங்கலாகத்தான் திறக்கும்.